கயிறு பிடித்தவர்களோடு வாசி

யானைக்கவுனி,
மே மாதம், ஞாயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். நீ வாட்ஸ்அப்பில் கேட்ட கேள்விக்கு அங்கேயே நாலு வரி தட்டிவிட மனசு வரவில்லை. இன்றைக்குக் கடை விடுமுறை, தாள் எடுத்து உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுமையாகப் படி.

உங்கள் கல்லூரி வாசிப்பு வட்டத்தில் ஹெமிங்வேயின் நாவலை எடுத்திருக்கிறீர்கள், ச.து.சு. யோகியார் தமிழில் தந்த ‘கடலும் கிழவனும்’. ஒரு பெண் எழுந்து, “ஒரு தாத்தா கயிற்றைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கார், புத்தகம் பூரா இதுதானா?” என்று கேட்டிருக்கிறாள். யாருக்கும் பதில் வரவில்லை. நான் எண்ணூருக்குத் தூண்டில் எடுத்துக்கொண்டு போகிறவன் என்பதால், அதில் எனக்கு என்ன பிடித்தது என்று நீ கேட்கிறாய்.

அந்தப் பெண் கேட்டது நியாயமான கேள்வி. கதை அவ்வளவுதான். 84 நாள் மீன்பாடே இல்லாத ஒரு கிழவர் 85-ஆம் நாள் தனியாகக் கடலுக்குப் போகிறார். பெரிய மீன் ஒன்று மாட்டுகிறது. அது அவரையும் படகையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. மூன்றாம் நாள் அதைக் கொன்று படகோடு கட்டிக்கொண்டு திரும்புகிறார். கரை சேர்வதற்குள் சுறாக்கள் மொத்தத்தையும் தின்றுவிடுகின்றன. ஒரு தபால் அட்டையில் அடங்கிவிடும். அப்படியிருக்க, தூண்டில் போடுகிற நாலு பேர் கூடிய இடத்தில் இதைச் சொல்ல ஆரம்பித்தால் சூரியன் உச்சிக்கு வரும்வரை பேச்சு ஓயாது. அது ஏன் என்பதைத்தான் உனக்கு எழுத நினைக்கிறேன். மீன் பிடிப்பதைப் பற்றிய நாவலைத் தனியாக வாசித்து முடித்துவிடாதே, கயிறு பிடித்த ஆள் ஒருவரையாவது பக்கத்தில் வைத்துக்கொள். நான் சொல்ல வருவது இதுதான்.

முதலில் இரையைப் பார்ப்போம். கிழவர் சாந்தியாகோ நாலு கயிறுகளை நாலு ஆழத்தில் இறக்குகிறார்: 40, 75, 100, 125 பாகம். இரண்டு கைகளையும் விரித்தால் இந்த விரல்நுனியிலிருந்து அந்த விரல்நுனி வரை ஒரு பாகம், கிட்டத்தட்ட ஆறடி. நம் கரையில் ஆழத்தை அப்படித்தான் சொல்வார்கள். அவருடைய மீன் கொத்துவது 100 பாகத்தில், அதாவது 600 அடிக்குக் கீழே. மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடம் 177 அடி. அதை மூன்றாக அடுக்கித் தண்ணீருக்குள் இறக்கினாலும் அந்த ஆழம் எட்டாது. இரையை அவர் கோர்த்திருக்கிற விதத்தைக் கவனித்தாயா? முள்ளின் தண்டு முழுவதும் இரைமீனின் உடம்புக்குள் மறைந்திருக்கிறது. மீன் தலைகீழாகத் தொங்குகிறது. வெளியே தெரிகிற வளைவையும் முனையையும் மத்தி மீன்களால் மூடியிருக்கிறார், ஒவ்வொன்றையும் இரண்டு கண்கள் வழியாகக் குத்திக் கோர்த்து, அரை மாலை போல. பெரிய மீன் எங்கே வாய் வைத்தாலும் இரும்பு தட்டுப்படாது.

உன் தோழி அந்தப் பத்தியைத் தாண்டிப் போயிருப்பாள், தப்பில்லை. நாங்கள் அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பேசுவோம். கெளுத்திக்கு இறால் கோர்க்கும்போது முள்முனை வெளியே நிற்கலாமா கூடாதா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. இறாலின் ஓட்டை உரித்துவிட்டு, வால் பக்கமிருந்து முள்ளை ஏற்றி, உடம்பின் வளைவும் முள்ளின் வளைவும் ஒன்றாகப் போகும்படி நகர்த்த வேண்டும். அவசரப்பட்டால் சதை கிழிந்து, வீசும்போதே இரை தனியே பறந்துவிடும். அதைக் கையால் செய்து பழகியவனுக்கு அந்த அரை மாலை என்ன உழைப்பு என்று தெரியும். 84 நாளாக ஒன்றும் படாத மனிதர் 85-ஆம் நாளும் அவ்வளவு சுத்தமாக இரை கோர்க்கிறார். அவருடைய மனசு எப்படிப்பட்டது என்பதை ஹெமிங்வே வேறு எங்கும் விளக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது.

அடுத்தது அந்தக் கொத்து. கயிற்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மெதுவாகப் பிடித்துக்கொண்டு, கீழே மீன் என்ன செய்கிறது என்று கிழவர் விரலாலேயே பார்க்கிறார். அந்தப் பக்கங்களை வாசிக்கும்போது என் விரல் தானாகவே மடங்கிவிடும். நரம்பு விரல்மேல் கிடக்கும்போது கிழங்கான் கொத்தினால் படபடவென்று இரண்டு சுண்டு. நண்டு இழுத்தால் கனமாக, மெதுவாக, குப்பை மாட்டியதைப் போல இருக்கும். கெளுத்தி ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு போகும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றோடு விரல் வழியாகப் பேசுகிற அந்த நேரம்தான் எங்களை வாராவாரம் அங்கே இழுக்கிறது. அதை எழுத்தில் கொண்டுவந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியவில்லை.

நான் அந்தப் புத்தகத்தை வாங்கியது அல்லிக்குளத்துப் பழைய புத்தகக் கடையில். நம் யானைக்கவுனியிலிருந்து வால்டாக்ஸ் சாலையைப் பிடித்துத் தெற்கே நடந்தால் சென்ட்ரல் வந்துவிடும், அதை ஒட்டித்தான் அல்லிக்குளம். 1985 மே 30-ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்த பிறகு புத்தகக்காரர்கள் அங்கே போனார்கள். கலர் மீன் கடைகளும் அங்கேதான். எரிந்த மார்க்கெட் இருந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் கட்டி, அதற்கும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்றே பெயர் வைத்தார்கள். எண்ணூர் போகிற கும்மிடிப்பூண்டி வண்டி அங்கிருந்துதான் கிளம்புகிறது. பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று போகிற அந்த வண்டியில் தூண்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு நாவலை வாசித்தேன்.

எண்ணூர் முகத்துவாரத்தில் ஞாயிறுதோறும் தூண்டில் போட வருகிற நாலைந்து பேர் உண்டு. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், திருவொற்றியூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர் ஒருவர், இன்னும் சிலர். காசிமேட்டில் விசைப்படகில் தொழிலுக்குப் போய், வயதான பிறகு கரையில் உட்கார்ந்துவிட்ட ஒரு அண்ணனும் வருவார். ஒரு நாள் காலை தண்ணீர் செத்துக் கிடந்தது, ஒரு கொத்துகூட இல்லை. சும்மா இருக்கிற நேரத்துக்கு நான் இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்.

அவர்கள் கேட்ட கேள்விகளைத்தான் நீ உன் வட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இலக்கியப் பத்திரிகைகளில் இந்த நாவலைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். மனிதனும் இயற்கையும், தோல்வியும் கௌரவமும், ஏசுவின் சிலுவை என்றெல்லாம். காசிமேட்டு அண்ணன் முதலில் கேட்டதோ, “போட்டு யாருது?” சொந்தப் படகுதான், பாயில் மாவு மூட்டைச் சாக்கு வைத்து ஒட்டுப்போட்டிருக்கிறார் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். சொந்தப் படகு என்பதால்தான் 84 நாள் தாங்கியிருக்கிறார், கூலிக்குப் போகிற ஆளை இத்தனை நாள் யார் ஏற்றுவார்கள் என்றார். கிழவரோடு மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்த பையனைப் பற்றிக் கேட்டார். முதல் 40 நாள் கூட இருந்தான், மீன் படவில்லை என்று அப்பா அம்மா வேறு படகுக்கு அனுப்பிவிட்டார்கள், அந்தப் படகில் முதல் வாரமே மூன்று நல்ல மீன் என்றேன். “அவங்க செஞ்சது சரிதான். வீட்டுல அடுப்பு எரியணுமில்ல?” என்றார். நான் வாசிக்கும்போது அந்தப் பெற்றோர்மேல் எனக்கு மனத்தாங்கல் இருந்தது. அவர் ஒரே வாக்கியத்தில் அதை எடுத்துவிட்டார். கிழவருக்கும் பையனுக்கும் நடுவில் இருக்கிற பாசம் அதற்குப் பிறகுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. யாரும் தப்பு செய்யாமலே பிரிந்துவிட்ட இரண்டு பேருடைய பாசம் அது.

லேத் பட்டறைக்காரருக்கு வேறு இடத்தில் வலித்தது. முதல் சுறா வந்து கடித்தபோது மீனில் நாற்பது ராத்தல் சதை போகிறது. கூடவே ஈட்டியும் அதன் கயிறும் போய்விடுகின்றன. “சதை போனது போகட்டும்ண்ணே, ஈட்டி போச்சே” என்றார். அடுத்து கிழவர் கத்தியைத் துடுப்பில் கட்டிக் குத்துகிறார், கத்தி உடைகிறது. பிறகு கட்டை, கடைசியில் சுக்கான் பிடி. ஒவ்வொரு கருவியாகக் கையை விட்டுப் போவதை அவர் விரல் மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார். கருவியை வைத்துப் பிழைக்கிறவருக்கு அந்தக் கடைசிப் பகுதி ஆயுதம் ஆயுதமாக இழக்கிற கதை. நீ மறுபடி வாசிக்கும்போது அந்த வரிசையை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டு போ, ஹெமிங்வே எப்படி இறுக்கிக்கொண்டே போகிறார் என்று தெரியும்.

கயிறு பிடித்தவர் பார்ப்பதும் மற்றவர் பார்ப்பதும் வேறு என்கிற விஷயம் நாவலுக்குள்ளேயே இருக்கிறது, கவனி. கடைசியில் படகோடு கட்டிய எலும்புக்கூட்டைச் சுற்றி மீனவர்கள் கூடுகிறார்கள். ஒருவர் கால்சட்டையை மடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி, ஒரு கயிறு வைத்து அதை அளக்கிறார். மூக்கிலிருந்து வால்வரை 18 அடி. தலையை என்ன செய்வது என்பதற்குக்கூட கிழவரிடம் யோசனை இருக்கிறது. கூண்டுப்பொறிக்கு இரையாக வெட்டிக்கொள்ள ஒரு நண்பருக்குக் கொடுக்கச் சொல்கிறார். கொஞ்ச நேரம் கழித்து அதே எலும்பைச் சுற்றுலா வந்த ஒரு பெண் பார்க்கிறாள். ஓட்டல் பணியாளர் நடந்ததை விளக்க வருகிறார். அவளோ அது சுறாவின் எலும்பு என்று நினைத்துக்கொண்டு, சுறாவுக்கு இவ்வளவு அழகான வால் இருக்கும் என்று தெரியாதே என்கிறாள். ஒரே எலும்புக்கூடுதான். தண்ணீரில் இறங்கி அளந்தவர்களுக்கு அந்த மூன்று நாளும் தெரிகிறது, மேலே நின்று பார்த்தவளுக்கு வால் மட்டும் தெரிகிறது. அவள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவள் பக்கத்தில் ஒரு மீனவர் நின்று நிதானமாகச் சொல்லியிருந்தால் அவளுக்கும் தெரிந்திருக்கும்.

இந்தக் கதை பிறந்ததே ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டுத்தான். கியூபாவில் ஹெமிங்வேயின் படகில் வேலை பார்த்த கார்லோஸ் குத்தியரஸ் என்ற மீனவர் அவருக்கு ஒரு சம்பவத்தைச் சொன்னார். தனியாகப் போன ஒரு கிழவரைப் பெரிய மார்லின் இழுத்துக்கொண்டு போனது, இரண்டு நாள் கழித்து வேறு மீனவர்கள் அவரைக் கண்டெடுத்தபோது சுறாக்கள் பாதிக்குமேல் தின்றிருந்தன, அவர் அழுதுகொண்டிருந்தார். 1936 ஏப்ரலில் ‘எஸ்குயர்’ பத்திரிகைக் கட்டுரை ஒன்றில் ஹெமிங்வே இதைச் சில வரிகளில் எழுதினார். பிறகு 16 வருஷம் அதை மனசில் வைத்திருந்தார். 1952 செப்டம்பரில் ‘லைஃப்’ பத்திரிகை முழு நாவலையும் ஒரே இதழில் போட்டது, இரண்டே நாளில் 50 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றுப்போயின. 1953-இல் புலிட்சர், 1954-இல் நோபல். 1961-இல் அவர் இறந்தபோது, கோஹிமார் என்ற கியூபா மீனவக் கிராமத்துக்காரர்கள் தங்கள் படகுகளின் பழைய புரொப்பல்லர்களையும் பித்தளைச் சாமான்களையும் கொடுத்தார்கள். அவற்றை உருக்கி வார்த்த ஹெமிங்வேயின் மார்பளவுச் சிலை 1962-இல் அந்தக் கடற்கரையில் வைக்கப்பட்டது. ஒரு மீனவர் வாயிலிருந்து புறப்பட்ட கதை மீனவர்கள் கொடுத்த உலோகமாகத் திரும்பி வந்திருக்கிறது. ஒரு எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய பரிசு இருக்கிறதாக எனக்குத் தெரியவில்லை.

மார்லின் என்பது நம் கடலில் மயில்மீன் என்கிறோமே, அந்தக் குடும்பத்து மீன். கிழவருடைய மீன் 1,500 ராத்தலுக்கு மேல் இருக்கும் என்று நாவல் சொல்கிறது. கதைக்காக ஊதியது என்று எங்கள் ரயில்வே நண்பர் நம்ப மறுத்தார். நாவல் வந்த மறு வருஷமே, 1953 ஆகஸ்ட் 4-ஆம் தேதி, பெரு நாட்டின் காபோ பிளாங்கோ கடலில் ஆல்ஃபிரட் கிளாசெல் என்பவர் ராடும் ரீலும் வைத்து 1,560 ராத்தல் கறுப்பு மார்லினைப் பிடித்தார். நம் கணக்கில் 707 கிலோ. 1958-இல் நாவல் படமாக வந்தபோது அந்த மீன் துள்ளுகிற காட்சிகளை அதில் சேர்த்துக்கொண்டார்கள். இதைச் சொன்ன பிறகுதான் நண்பர் சமாதானமானார்.

ஒரு விஷயத்தில் நீ தெளிவாக இருக்க வேண்டும். என்னைப் போலப் பொழுதுக்குத் தூண்டில் போடுகிறவன் வேறு, கடலில் தொழில் செய்கிறவர் வேறு. ஆங்கிலத்தில் தூண்டில்காரர்களுக்கென்றே பெரிய எழுத்துப் பரம்பரை உண்டு. ஐசக் வால்டனின் புத்தகம் 1653-இல் வந்தது. நம் மெட்ராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹெச்.எஸ். தாமஸ் 1873-இல் இந்தியாவில் ராடு போடுவதைப் பற்றி ஒரு புத்தகமும், 1887-இல் குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றி இன்னொன்றும் எழுதினார். ஆசையோடு எழுதிய புத்தகங்கள்தான். ஆனால் அவை மீன் கிடைக்காவிட்டாலும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடக்கூடியவர்கள் எழுதியவை. தமிழில் எனக்குப் பிடித்த கடல் எழுத்தெல்லாம் மீன் படாவிட்டால் உலை வைக்க முடியாதவர்களைப் பற்றியது. முகத்துவாரத்தில் எனக்குக் கொத்தாத நாளும் காசிமேட்டு அண்ணனுக்கு வலை வெறுமையாக வந்த நாளும் ஒன்றில்லை. இதை மறந்துவிட்டு வாசித்தால் சாந்தியாகோ பொழுதுபோக்குக்குப் போனவராகத் தெரிவார்.

மீன்பாடு இல்லாத நாட்களின் கதை நமக்குப் புதிது ஒன்றுமில்லை. நாகப்பட்டினத்து அதிபத்த நாயனார் கதையைப் பாட்டி உனக்குச் சொல்லியிருப்பார். பிடிக்கிற மீனில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுகிறவர் அவர். ஒரு காலத்தில் நாளுக்கு ஒரே ஒரு மீன்தான் படுகிறது. அதையும் விடுகிறார், வீடு பட்டினி கிடக்கிறது. கடைசியில் பொன்மீன் படுகிறது, அதையும் விட்டுவிடுகிறார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடியது. நாகையில் இன்றும் ஆவணி மாதம் அதற்கு விழா எடுத்துப் பொன்மீனைக் கடலில் விடுகிறார்கள். நான் சாந்தியாகோவின் 84 நாளைச் சொன்னதும் காசிமேட்டு அண்ணன் உடனே அதிபத்தரைத்தான் சொன்னார். கியூபாக் கிழவருக்கு அவர் நம் கரையிலேயே ஒரு கூட்டாளியைப் பிடித்துக் கொடுத்துவிட்டார். உன் வட்டத்தில் யாருக்காவது இந்த இணைப்பு தோன்றியிருக்குமா?

அடுத்து நீங்கள் எடுக்க வேண்டிய நாவல் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’. 1977-இல் வந்தது, மணப்பாட்டுக் கரையில் நடக்கிறது, சிறிய புத்தகம். குரூஸ் மிக்கேலுக்குத் தன் நாட்டுப்படகான வல்லத்தை விட மனசில்லை, விற்கச் சொல்லி மகன் நெருக்குகிறான். ஊரில் லாஞ்சு வந்துவிட்டது, வல்லக்காரர்களுக்கும் லாஞ்சுக்காரர்களுக்கும் ஆகவில்லை. இதற்கு நடுவில் பிலோமி என்ற பெண்ணின் காதலும் இழப்பும். பெரும்பாலான வாசகர்கள் பிலோமியைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள், எனக்கும் அவளை மறக்க முடியாது. இருந்தாலும் வல்லத்தின் சண்டை வெறும் பின்னணி என்று நினைத்துவிடாதே. எழுபதுகளில் தமிழ்நாட்டுக் கரை முழுக்க விசைப்படகுக்கும் கட்டுமரத்துக்கும் மோதல் நடந்தது, சென்னையிலும் நடந்தது. விசைப்படகு கரைக்கு அருகில் வந்து அரித்துக்கொண்டு போனால், கட்டுமரத்துக்காரனின் வலையும் அறுந்துபோகும், மீனும் போய்விடும். அந்தச் சண்டைகளுக்குப் பிறகுதான் 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை விசைப்படகு பிடிக்கக் கூடாது என்று சொன்னது அந்தச் சட்டம். வண்ணநிலவன் அதற்கு ஆறு வருஷம் முன்பே ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பதுபோல அதை எழுதிவிட்டார். ராயபுரத்தில் அந்த நாட்களைப் பார்த்த பெரியவர்கள் இருக்கிறார்கள். குரூஸ் மிக்கேலைப் பற்றி அவர்களிடம் சொல். வல்லத்தை விற்பதா வேண்டாமா என்று அவர்கள் பேச ஆரம்பித்தால் நீ நடுவில் பேசாதே, கேட்டுக்கொண்டே இரு.

ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ பெரிய நாவல், 2004-இல் வந்தது. அவர் உவரியில் பிறந்தவர். ஆமந்துறை என்ற ஊரின் மூன்று தலைமுறை வாழ்க்கை, 1933-இலிருந்து 1985 வரை. கடலில் கட்டுமரம் உடைந்து மூன்று பேர் மிதக்கிறார்கள், ஒரு கிழவர், ஒரு நடுவயதுக்காரர், ஒரு இளைஞன். அந்த மிதப்பையும் ஊரின் கதையையும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு போகிறார். முடிவைச் சொல்ல மாட்டேன். அந்தக் கரையின் பேச்சு முதலில் உனக்குக் கடினமாக இருக்கும். புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொற்பட்டியலைப் புரட்டிக்கொண்டே இருந்தால் களைத்துப்போவாய். சத்தம் போட்டு வாசி. கண்ணுக்குப் புரியாத வாக்கியம் காதுக்குப் புரிந்துவிடும். நான் அதில் சுறா வேட்டைப் பக்கங்களை முகத்துவாரத்தில் வாசித்தேன். சொற்கள் நெல்லைக் கரைச் சொற்கள், ஆனாலும் எங்கள் அண்ணனுக்கு விளக்கம் தேவைப்படவே இல்லை. காற்று எந்தப் பக்கம், வெள்ளம் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார். இங்கே வடக்கிலிருந்து ஓடும் நீரோட்டத்தை வன்னி என்றும் தெற்கிலிருந்து ஓடுவதைத் தெண்டி என்றும் சொல்வார்கள். அவர் அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

ராஜம் கிருஷ்ணனின் ‘அலைவாய்க் கரையில்’, சுந்தர ராமசாமி மொழிபெயர்த்த தகழியின் ‘செம்மீன்’ இரண்டும் பிறகு. ‘செம்மீன்’ படத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிந்தது என்று விட்டுவிடாதே. பழனி தனியாகப் போய்ச் சுறாவோடு மல்லுக்கட்டுகிற கடைசிப் பக்கங்களைச் சாந்தியாகோவோடு அடுத்தடுத்து வைத்து வாசி. ஒருவருக்குக் கரையில் காத்திருக்கிற பையன் இருக்கிறான். இன்னொருவனுக்குக் கரையில் வீடே உடைந்துகொண்டிருக்கிறது. கயிற்றின் அந்த முனையில் மீன், இந்த முனையில் குடும்பம்.

இனி நீ செய்ய வேண்டியது. இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் முட்டையிடும் காலம். காசிமேட்டில் படகுகளுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், பலகை மாற்றுவார்கள், வலை பின்னுவார்கள். கை வேலையில் இருக்கும், காது சும்மா இருக்கும். கதை கேட்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. வருமானமில்லாத மாதங்கள் என்பதையும் மனசில் வைத்துக்கொள், அவர்கள் நேரத்தை எடுத்துக்கொள்கிற நினைப்பு உனக்கு இருக்க வேண்டும். புத்தகத்தை நீட்டி வாசித்துக்காட்டாமல் கதையாகச் சொல். வேலை நடக்கிற இடத்தில் முக்கியமான இரண்டு மூன்று பக்கங்களை மட்டும் வாசி. அவர்கள் பிழை கண்டுபிடித்தால் ஆசிரியரைக் காப்பாற்ற நினைக்காதே. “அந்த நேரத்துல மீன் அப்படித் திரும்பாதும்மா” என்று ஒருவர் சொன்னால், எப்படித் திரும்பும் என்று கேள். பதிலை அன்றைக்கே நோட்டில் எழுதி வை. பெயர் போடுவதானால் அவர்களிடம் கேட்டுக்கொண்டு போடு. கையைக் காட்டச் சொல்லிக் கேட்க உனக்குத் தயக்கமாக இருக்கும், ஆனால் கிழவரின் இடதுகை இறுகிப்போய் விரிய மறுக்கிற இடத்தைச் சொன்னால் அவர்களே காட்டுவார்கள். எங்கள் அண்ணனின் உள்ளங்கையில் ஆள்காட்டி விரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை வெளுத்த கோடு ஒன்று ஓடுகிறது, கயிறு ஓடிய இடம். நாவலில் நாலு பக்கம் வருகிற விஷயம் அந்த ஒரு கோட்டில் இருக்கிறது.

உன் நோட்டைப் பற்றி இன்னொரு ஆசையும் எனக்கு இருக்கிறது. எண்ணூர் கழிமுகத்தை உனக்குத் தெரியும். கொசஸ்தலை ஆறு வந்து கடலில் சேருகிற இடம். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து பல இடங்களில் ஆழம் குறைந்துபோயிருக்கிறது. 2017 ஜனவரி 28-ஆம் தேதி கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரைமுழுக்க வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய் வந்து, வலையும் படகும் கறுத்துப்போயின. கிழவருடைய மீனைச் சுறா தின்றது, அது கடலின் வழக்கம். இங்கே தண்ணீரே மீனவருக்கு எதிராகத் திரும்பிவிட்டது, அது கடல் செய்ததில்லை. இறால் தடவிப் பிடிக்கிற பெண்கள் முட்டளவுத் தண்ணீரில் கையால் துழாவிக்கொண்டே போவதை நீ பார்த்திருக்கிறாய். அவர்களுடைய விரலுக்கு என்ன தெரியும், எண்ணெய் வந்த வாரத்தில் அந்த விரலுக்கு என்ன தெரிந்தது என்பதை எழுதுகிற ஒரு நாவலை வாசிக்க எனக்கு ஆசை. நீயே எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. கேட்டு எழுதி வைத்தால் யாராவது ஒருவருக்கு உதவும். கார்லோஸ் சொன்ன நாலு வரி 16 வருஷம் காத்திருக்கவில்லையா?

உன் தோழியிடம் ஒன்று சொல். அடுத்த ஞாயிறு காலை மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸிலிருந்து கிளம்புகிற வண்டியில் நான் போகிறேன். அவளையும் கூட்டிக்கொண்டு வா. ராடு என்னிடம் இரண்டு இருக்கிறது, இறால் நான் வாங்கி வருகிறேன். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துவரச் சொல், அங்கே நிழல் கிடையாது. புத்தகத்தில் அந்த முதல் கொத்து வருகிற பக்கத்தில் ஒரு சீட்டு வைத்துக்கொண்டு வரட்டும். நரம்பை அவள் விரலில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கத்தை நீ வாசி. கேள்வி ஏதாவது இருந்தால் அண்ணன் பக்கத்தில்தான் இருப்பார். அம்மாவிடம் சொல்லிவிட்டு வா, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

அன்புடன்,
சித்தப்பா